பிறப்பிடம் நெப்ராஸ்கா, வதிவிடம் மங்கரே

எங்கள் வீட்டுப் பின்வளவில் குடியிருந்த அமெரிக்க நாவலாசிரியர், ஒரு வியாழக்கிழமை காலை பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது தான் இறந்துவிட்டதை அறிந்தார். செய்தியைக் கொண்டுவந்தவர் அப்பா. அவர் கைப்பேசியை நீட்டியபடி குசினி வாசலில் நின்றார். திரையில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. அதன் சுடர் அசைந்துகொண்டிருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் வெண்டல் குரோக்கரின் படம், சுற்றிவரப் பூக்கள்.

"படம் நன்றாக இருக்கிறது. இந்த விளக்கு எதற்கு?" என்றார் வெண்டல்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் முதல்ல சாப்பிட்டு முடியுங்கோ," என்றார்.

வெண்டல் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் இரண்டு: ஆம் என்பதற்கு ஓம், போதும் என்பதற்குக் காணும். இரண்டையும் அம்மாவின் சோற்றுக்கரண்டியிடமிருந்து கற்றுக்கொண்டார்.

அவர் நெப்ராஸ்காவில் ஒரு கோழிப்பண்ணையில் பிறந்தவர். இருபத்தெட்டு வயதில் 'கோழிகளின் மாகாணம்' என்ற நாவலை எழுதினார். அது அமெரிக்காவில் பெரிய பெயர் எடுத்தது. சஞ்சிகைகளில் அவருடைய படம் வந்தது. பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டு வேலை கொடுத்தது. இரண்டாவது நாவல் ஒரு தண்ணீர்த் தாங்கியைப் பற்றி எண்ணூறு பக்கம். எல்லாம் சரி, கோழிகள் எங்கே என்று விமர்சகர்கள் கேட்டார்கள். மூன்றாவது நாவலில் அவர் ஒரு கோழியைச் சேர்த்தார். பழையதையே திரும்ப எழுதுகிறார் என்றார்கள். நான்காவதை வெளியிட்ட சின்னப் பதிப்பகம், புத்தகம் வந்த அதே கிழமை கடையைப் பூட்டிவிட்டது. முதல் மனைவி தண்ணீர்த் தாங்கி பாதி கட்டியிருந்தபோது பிரிந்துபோனார். இரண்டாவது மனைவி ஓக்லாந்துக்காரி. அவரோடு இங்கே வந்தார். பிறகு அந்த மனைவி அவுஸ்திரேலியாவுக்கு, பேர்த்துக்குப் போய்விட்டார். வெண்டல் போகவில்லை. ஐந்தாவது நாவலைத் தொடங்கிவிட்டாராம், நாவலின் நடுவில் நாடு மாறினால் வசனத்தின் நீளம் மாறிவிடுமாம்.

விரி என்ற பக்கத்து ஊரில் அப்பா மேற்பார்வை செய்யும் பண்டகசாலையில் அவர் நாய்ச் சாப்பாட்டு மூட்டைகளை அடுக்கும் வேலை செய்தார். எழுத்தாளர் ஒருவர் நாய்ச் சாப்பாடு அடுக்குகிறார் என்று தெரிந்த அன்றே அப்பா அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து பின்வளவில் தனியாக நின்ற ஒற்றை அறையை, ஸ்லீப்அவுட்டைக் காட்டினார். வெண்டல் கட்டிலையும் மேசையையும் பார்த்துவிட்டு, யன்னலுக்கு நேரே பறக்கும் விமானங்களின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இங்கே யாரும் என்னைத் தேடி வரமாட்டார்கள்," என்று சந்தோசமாகச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு வீட்டில் வேலை அதிகமில்லை. அவர் கையால் எழுதும் தாள்களை நான் கணினியில் தட்டிக் கொடுத்தேன். அவருக்கும் கதை பேச்சுப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. தாள்களை யன்னல் விளிம்பில் வைப்பார், நான் எடுப்பேன். இப்படி ஒரு நாவல் முழுவதும் யன்னலால் வந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. அதை அவர் எழுதி, கிழித்து, எழுதிக்கொண்டிருந்தார்.

இனி அப்பாவின் பிழைக்கு வருகிறேன்.

ஓக்லாந்தில் எங்கள் ஆட்களில் யாராவது இறந்தால், மரண அறிவித்தல் எழுத அப்பாவிடம்தான் வருவார்கள். அவருக்கு அதில் கை நன்றாக ஓடும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரரும் என்று ஒரே மூச்சில் போய், யாரையும் விடாமல், சண்டைக்காரரையும் அடுத்தடுத்து நிற்காமல் வைத்து முடித்துவிடுவார். அதை இணையத்தளத்துக்கு அனுப்பினால் விளக்குப் போட்டு வெளியிடுவார்கள். வெண்டலுக்கு அறுபது வயது வருகிறது என்று தெரிந்ததும் அப்பா அதே தளத்தில் ஒரு பிறந்தநாள் வாழ்த்துப் போட ஆசைப்பட்டார். உட்கார்ந்து எழுதினார். ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுத அவருக்கு ஒரு வழிதான் தெரியும்.

'அமெரிக்கா நெப்ராஸ்காவைப் பிறப்பிடமாகவும், நியூசிலாந்து மங்கரேயை வதிவிடமாகவும் கொண்ட நாவலாசிரியர் வெண்டல் குரோக்கர் அவர்கள், காலஞ்சென்ற ஹரல்ட், மில்ட்ரட் தம்பதிகளின் அன்பு மகனும், சபாரத்தினம் செல்வநாயகி தம்பதிகளின் பாசமிகு சகோதரரும் ஆவார்.' சபாரத்தினம் அப்பா, செல்வநாயகி அம்மா. கீழே நாவல்களின் பெயர்கள். கடைசியில் தொடர்புக்கு எங்கள் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும். படத்துக்குப் பழைய புத்தகத்தின் பின்னட்டையை எடுத்தார். அதில் வெண்டலுக்குத் தோள்வரை தலைமயிர் இருந்தது.

அப்பா நவரத்தினம் மாமாவைத் தொலைபேசியில் பிடித்தார். அந்தத் தளத்துக்கு இங்கே ஆள் அவர்தான். நானும் அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டோம்.

"என்ன காணும் செய்திருக்கிறீர்? மனுசன் உயிரோட இருக்கிறார்."

"உயிரோடயோ? நீர்தானே எழுதி அனுப்பினீர்."

"நான் செத்தவர் எண்டு எங்கயாவது எழுதினனானோ?"

"இல்லை, அந்த வரி இல்லை. மறந்துபோனீராக்கும் எண்டு நானே போட்டனான். செவ்வாய்க்கிழமை இறைபதம் அடைந்தார் எண்டு. நல்ல நாள் பார்த்துத்தான் போட்டனான்."

"அது பிறந்தநாள் வாழ்த்து."

"சபா, பிறந்தநாளுக்கு ஆராவது பிறப்பிடம் வதிவிடம் எழுதுவினமோ? அதோட, தாய் தேப்பன் காலஞ்சென்றவை எண்டு வேற போட்டிருக்கிறீர். நான் என்னெண்டு நினைக்கிறது?"

"சரி, மாத்திப் போடும்."

"மாத்த ஏலாது. எங்களிட்ட மரண அறிவித்தல் இருக்கு, நன்றி நவிலல் இருக்கு, ஓராண்டு நினைவஞ்சலி இருக்கு. சாகேல்லை எண்டு போட ஒரு பகுதி இல்லை. அழிச்சனெண்டா சனம் என்ன நினைக்கும்? காசு குடுக்கேல்லை எண்டு எடுத்திட்டாங்கள் எண்டு உம்மைத்தான் கதைப்பினம்."

அன்று பின்னேரம் முதல் கார் வந்து நின்றது. குணவதி அன்ரி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். சாவீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று ஆட்கள் சமைத்துக் கொண்டுவருவது வழக்கம். அம்மா அடுப்பில் இருந்த மீன்குழம்பை அவசரமாக இறக்கி அலுமாரிக்குள் வைத்தார். வைத்த பிறகுதான் அது ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. சொதி வாசத்துக்கு வெண்டல் பின்கதவால் உள்ளே வந்தார்.

"இவர் ஆர்?" என்று அன்ரி மெதுவாகக் கேட்டார்.

"இவர்தான் அவர்," என்றார் அம்மா.

குணவதி அன்ரி வெண்டலின் மொட்டைத் தலையைப் பார்த்தார். கைப்பேசியில் இருந்த தலைமயிரைப் பார்த்தார். எழுந்துபோய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பியோ? அதே மூக்கு. பாவம், தமையனைக் குடுத்திட்டு நிக்கிறார். சாப்பிடச் சொல்லு பிள்ளை, சாப்பிட்டுக் கன நேரம் போல கிடக்கு."

நான் சொல்லவில்லை. வெண்டல் ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

அடுத்த நாட்களில் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மரக்கறி ரோல்ஸ் எல்லாம் வந்தன. ஆட்கள் வெண்டலின் கையைப் பிடித்துவிட்டு அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள். நோய் வருத்தம் ஏதும் இருந்ததோ, திடீரெண்டோ, முப்பத்தொண்டு எப்ப, அதாவது முப்பத்தோராம் நாள் சடங்கு. அப்பா ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொல்லத் தொடங்குவார். பாதியில் அவர்கள் அவருடைய தோளைத் தட்டி, "விளங்குது, நம்ப ஏலாமத்தான் இருக்கும்," என்பார்கள்.

இதை இவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் ஒரு மாணவி 'காணாமற்போன நாவலாசிரியர்கள்' என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்த அறிவித்தலைக் கண்டுபிடித்து, இயந்திரத்தில் போட்டு ஆங்கிலமாக்கி வெளியிட்டாள். இரண்டு நாளில் பத்திரிகைகள் எழுதின. 'கோழிகளின் மாகாணம்' கடைகளில் முடிந்துபோனது. இரண்டாவது நாவலைத் திட்டிய விமர்சகர் ஒருவர், அந்தத் தண்ணீர்த் தாங்கி தன் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்று எழுதினார். வெண்டல் அதை ஸ்லீப்அவுட் படியில் இருந்து மூன்று தரம் வாசித்தார். பிறகு யன்னல் விளிம்பில் வைத்தார், நானும் வாசிக்கட்டும் என்று.

அப்போதுதான் பிரிசில்லாவின் கடிதம் வந்தது. அவர் நியூயோர்க்கில் பதிப்பாசிரியர், முதல் இரண்டு நாவலையும் போட்டவர். பத்து வருடத்துக்கு மேலாக வெண்டல் அனுப்பிய ஒரு மின்னஞ்சலுக்கும் பதில் போடாதவர். இப்போது அவர் அப்பாவுக்கு, பாசமிகு சகோதரர் சபாரத்தினம் அவர்களுக்கு என்று எழுதியிருந்தார். மறைந்த வெண்டல் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போனாரா?

வெண்டல் உடனே பதில் எழுதினார். தான் சாகவில்லை, நாவல் இருக்கிறது, இத்துடன் இணைத்திருக்கிறேன் என்று. பிரிசில்லா அவருக்குப் பதில் போடவில்லை. அப்பாவுக்குப் போட்டார். 'யாரோ வெண்டலின் கணக்கைத் திருடி அவரைப் போல எழுதுகிறார்கள், தயவுசெய்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். நாவல் அற்புதம். கடைசி அத்தியாயம் இல்லை என்பது அதைவிட அற்புதம். முடியாத நாவல் என்று அறிவித்துவிட்டோம்.'

வெண்டல் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றார். அவருடைய காது சிவந்திருந்தது.

"ஏழு வருடம்," என்றார். "இந்த நாவல் முழுவதும் அந்தக் கடைசி அத்தியாயத்தில் வரும் காலைக்காகத்தான். அது இல்லாவிட்டால் ஒரு பெண் தினமும் மழையை அளக்கிறாள், அவ்வளவுதான். ஏன் அளந்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது."

அந்த இரவும் அடுத்த நாளும் அவர் வேலைக்குப் போகவில்லை. எழுதி முடித்தார். நான் தட்டினேன். பத்தொன்பது பக்கம். அப்பாவின் பெயரில் நியூயோர்க்குக்கு அனுப்பினோம். கிழமை முடிவதற்குள் பதில் வந்தது. பிரிசில்லாவின் அலுவலகத்தில் வெண்டலின் எழுத்தை நன்றாக அறிந்த ஒருவர் வாசித்தாராம். இது வேறு யாரோ எழுதியது என்கிறாராம். நல்ல முயற்சி, ஆனால் வெண்டல் குரோக்கர் ஒருபோதும் இவ்வளவு மனம் இளகி எழுதமாட்டார்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நேரில காட்டுவம்," என்றார். "முகத்தைப் பார்த்தா நம்பத்தானே வேணும்."

காணொளி அழைப்புக்கு அப்பா கழுத்துப்பட்டி கட்டினார். வெண்டல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கணினியைப் பிடித்துச் சரிசெய்வது என் வேலை என்பதால் நான் மேசைக்கு இந்தப் பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில் இருந்தேன். பிரிசில்லா நரைத்த தலையோடு திரையில் வந்தார். வெண்டலைப் பார்த்ததும் அவருடைய கண் கலங்கியது.

"அவருடைய கண்கள் உங்களுக்கும் இருக்கின்றன," என்றார்.

"பிரிசில்லா, நான்தான்," என்றார் வெண்டல். "சிகாகோ ஹோட்டலில் நீ என் மடியில் சூப்பை ஊற்றினாய்."

"அதை அவர் உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் சொல்லுவார்."

"உன் முதல் பூனையின் பெயர் தோர்ன்டன்."

பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றினார். திரைக்கு அருகில் வந்தார். பிறகு அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"மிஸ்டர் சபாரத்தினம், நான் ஒரு விஷயம் சொல்கிறேன். உயிரோடிருக்கும் வெண்டல் குரோக்கரின் நாவல் என்று ஒன்றை நான் கூட்டத்துக்குக் கொண்டுபோனால், என் மேசையில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். கோப்பி எடுக்கப் போய்விடுவார்கள். இறந்த வெண்டலுக்கு அட்டைப்படம் தயார். இரண்டில் எது வேண்டும் என்று குடும்பம் தீர்மானிக்கட்டும். உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தைச் சொல்லுங்கள்."

திரை அணைந்தது. அது வெண்டல்தான் என்று பிரிசில்லாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று நாங்கள் பிறகு பலதடவை கதைத்தோம். தெரியும் என்பது அம்மாவின் கட்சி.

ஒப்பந்தம் வந்தது. வெண்டல் ஒருமுறை அதில் தன் பெயரைக் கையெழுத்திட்டு அனுப்பிப் பார்த்தார். இறந்தவர் கையெழுத்திட முடியாது, உரித்தாளர் இடவும் என்று திரும்பி வந்தது. அப்பா பேனாவைத் திறந்து மேசையில் வைத்தார். ஒருவரும் அதைத் தொடவில்லை.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றார் அப்பா அவரிடம். "நான் போடமாட்டன் எண்டா போடமாட்டன். பேப்பருகளுக்கு எழுதுவம், ஆள் உயிரோட எண்டு. ஒரு நாள் சிரிப்பாங்கள்."

"சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள்," என்றார் வெண்டல். "நாவலையும் சேர்த்து."

"செத்தா, வெட்டின புத்தகம். இருந்தா, புத்தகமே இல்லை," என்றார் அம்மா. பிறகு ஆங்கிலத்தில் தடுமாறி, "அண்ணை, பாதிப் பிள்ளையாவது வெளிய போகட்டும்," என்றார். அது ஆங்கிலத்தில் பயங்கரமாக ஒலித்தது. வெண்டல் சிரித்தார். அந்தக் கிழமையில் அவர் சிரித்தது அப்போதுதான்.

"அந்தப் பத்தொன்பது பக்கத்தை ஒருவராவது வாசித்தால் போதும்," என்று என்னைக் கைகாட்டினார். "பிரணவி வாசித்தாள். ஆனால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்."

உண்மைதான். எனக்கு அந்த முடிவில் ஒரு இடம் சரியாகப் படவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அறிவித்தல் எழுதும்போது வரும் முகம் வந்தது. "முப்பத்தொண்டு எப்ப முப்பத்தொண்டு எப்ப எண்டு சனம் கேட்டபடி. செய்யாட்டி விடமாட்டினம். செய்தா கல்வெட்டு அடிக்க வேணும். அதில போடுவம்."

கல்வெட்டு என்பது கல் அல்ல. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், குடும்ப மரம், நன்றி. வாழ்க்கை வரலாற்றுக்கும் தேவாரத்துக்கும் இடையில் பத்தொன்பது பக்கத்தைப் போடலாம் என்பது அப்பாவின் திட்டம்.

"ஆங்கிலத்தில் போட்டால் பிரிசில்லா வழக்குப் போடுவாள்," என்றார் வெண்டல்.

"இங்கிலீஷில போட்டா ஒருத்தரும் வாசிக்கவும் மாட்டினம். தமிழில போடுவம்," என்று அப்பா என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

வெண்டல் பேனாவை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா கையெழுத்திட்டார்.

நாவலில் லொரெட்டா என்ற பெண் நெப்ராஸ்காவின் ஒரு சிறிய ஊரில் நாற்பது வருடம் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவை எழுதி அனுப்புகிறாள். ஊர் வெறுமையாகிறது. மிஞ்சியது அவளும் ஹாங்க் என்ற பக்கத்து வீட்டுக்காரனும். கடைசி அத்தியாயத்தில், இனி அளக்க வேண்டாம் என்று வானிலை அலுவலகம் சொல்லிவிடுகிறது. அன்றிரவு நல்ல மழை. காலையில் அவள் மழைமானியின் கண்ணாடிக் குழாயைக் கழற்றி உள்ளே கொண்டுவருகிறாள். அந்த நேரம் ஹாங்க் அவளிடம் இரவல் வாங்கிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கவில்லை. அளவைப் பார்க்காமல் தண்ணீரைக் குடித்துவிடுகிறாள். அவ்வளவுதான். நான் அதைத் தமிழில் எழுதும்போது ஏணிக்கு மட்டும் மூன்று நாள் யோசித்தேன்.

ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு மண்டபம் எடுத்தோம். ஐயர் கூப்பிடவில்லை. உயிரோடிருக்கிறவருக்குக் கிரியை செய்தால் பாவம் என்று அம்மா ஒரே பிடி. தேவாரமும் சாப்பாடும் மட்டும். மேசையில் தலைமயிரோடு இருந்த வெண்டலுக்கு மாலை போட்டிருந்தது. தலைமயிர் இல்லாத வெண்டல், அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, அது அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் வாசலில் வந்தவர்களுக்குக் கல்வெட்டுக் கொடுத்தார். தன் கடைசி அத்தியாயத்தை ஒருவர் ஒருவராகத் தானே கையில் கொடுத்தார். வாங்கியவர்கள் அதைப் பார்க்காமல் கைப்பைக்குள் வைத்தார்கள். வழக்கமாக அப்படித்தான். அவர் ஒவ்வொரு பையும் மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு பிந்தியது. சோறு கொண்டுவரவேண்டிய வான் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். தேவாரம் முடிந்துவிட்டது, மண்டபத்துக்குள் கைப்பேசி சரியாக எடுக்கவில்லை, கதைக்க இருந்ததையெல்லாம் கதைத்துவிட்டார்கள். ஒருவர் பையைத் திறந்து கல்வெட்டை எடுத்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுவதும் தாள் புரட்டும் சத்தம். வெண்டல் சுவரோடு ஒட்டி நின்றார்.

முதலில் பேசியவர் குணவதி அன்ரி. கல்வெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நேரே வெண்டலிடம் வந்தார். வழியில் என் கையைப் பிடித்து என்னையும் இழுத்துக்கொண்டார்.

"பிள்ளை, இவரிட்டக் கேள். உவள் ஏன் கதவு திறக்கேல்லை?"

நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தரம் கேட்டேன்.

வெண்டல் நிமிர்ந்தார். "அவள் தனிமையானவள் என்று சொல்லு. அந்தத் தனிமைதான் நாவல் என்று... என் அண்ணன் நினைத்தார்."

நான் சொன்னேன்.

"தனிமையோ? ஆள் இல்லாட்டித் தனிமை. ஆள் ஏணியோட வாசலில நிக்கேக்க அது கொழுப்பு."

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினேன். கொழுப்பு என்பதைத் திமிர் என்ற பொருளில் சொன்னேன். வெண்டலின் முகம் மாறியது.

"ஏணி குடுக்கத்தான் வந்தவன்," என்று பின்வரிசையில் யசீகரன் மாமா சொன்னார். "குடுத்திட்டுப் போயிருப்பான். அவளுக்கு அந்த நேரம் வேற வேலை."

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது," என்றார் அவருடைய மனைவி. "மழை நிண்ட உடன ஏணி குடுக்க வாறவன் ஏணிக்காகவோ வந்தவன்?"

"அப்ப எதுக்கு?"

"நாற்பது வருஷமா இரவல் வாங்கித் திருப்பிக் குடுத்துக்கொண்டு இருந்தவனாக்கும். ஆருக்குத் தெரியும்."

"அது கதையில இல்லை."

"கதையில இல்லாட்டியும் ஊரில இருக்கும்."

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. லொரெட்டா செய்தது சரி, அலுவலகம் போ எண்டதும் அந்தத் தண்ணியைக் குடிச்சது நல்ல பதில் என்றது ஒரு பக்கம். மற்றப் பக்கம் ஹாங்க் எவ்வளவு நேரம் வாசலில் நின்றிருப்பான் என்று கவலைப்பட்டது. ஏணியின் பாரத்தைப் பற்றி ஒருவர் கேட்டார், மரமா அலுமினியமா. நான் எல்லாவற்றையும் வெண்டலின் காதுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு நேரத்தில் அவ்வளவு வார்த்தை நான் பேசியதில்லை. அவர் வேட்டியைப் பிடிக்க மறந்திருந்தார். அப்பா ஓடிவந்து பிடித்தார்.

"அவரிடம் கேளு," என்றார் வெண்டல். "கதவைத் திறந்தால் பிறகு என்ன நடக்கும்?"

குணவதி அன்ரி கையை விரித்தார். "எனக்கெப்படித் தெரியும்? திறக்கட்டும் முதல்ல. பிறகு நடக்கிறது இவரின்ரை தமையன்ரை வேலை. அந்த மனுசன்தான் போயிட்டுதே. இருந்திருந்தா மாத்தியிருக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். வெண்டல் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அவர் சாகவில்லை என்று சொல்லு," என்றார்.

நூறு பேர் பார்த்தார்கள். கீழே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இவர்தான் எழுதினவர், அன்ரி. சாகேல்லை."

அம்மா கையை வாயில் வைத்தார். நவரத்தினம் மாமா கதிரையை விட்டு எழும்பிப் பின்கதவுப் பக்கம் போனார். குணவதி அன்ரி படத்தையும் வெண்டலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

"அப்ப இஞ்ச என்ன செய்யிறார்? போய் எழுதச் சொல்லு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. "ஓம்," என்றார்.

அப்பா கலவரப்பட்டு அவருடைய காதில் ஆங்கிலத்தில் கேட்டார், பிரிசில்லாவுக்கு என்ன சொல்வது, கையெழுத்துப் போட்டாயிற்றே என்று.

"முடியாத நாவல் என்றாள் அல்லவா? சரியாகத்தான் சொன்னாள் என்று எழுதுங்கள்."

அவர் மிஞ்சியிருந்த கல்வெட்டுகளில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டார். பின்னட்டைகள் வெறுமையாக இருந்தன. மண்டப வாசலில், சப்பாத்துகள் கழற்றி வைத்த இடத்தில், கடைசிப் படியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அப்போது வான் வந்தது. சோற்றுச் சட்டிகளை அவரைத் தாண்டித்தான் உள்ளே தூக்கிப் போனார்கள். அவர் காலை ஒதுக்கினார், தலையை நிமிர்த்தவில்லை.

சாப்பாடு தொடங்கியது. சாப்பாட்டுக் கோப்பையோடு ஆட்கள் ஒவ்வொருவராக வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். அவரிடம் கேட்கப் பயந்து பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்கள்.

"திறந்திட்டாளோ?"

நான் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன்.

"இன்னும் இல்லை," என்றேன். "கைப்பிடியில கை வைச்சிருக்கிறா."